கல்லில் ஒரு வரி

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளின் மாலையில், பாம்பன் தீவிலுள்ள எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றுவது எளிதான வேலையன்று. அந்நாள்களில் வாடைக்காற்று கடலிலிருந்து ஓயாமல் வீசும். திரி அணைந்துவிடாதிருக்க மணலில் குழி பறித்து, உடைந்த மண்சட்டியின் பாதியை மறைப்பாக நட்டு, அதற்குள்தான் சுடரைக் காப்போம். சிறுவயதில் அண்ணன், தம்பி, தங்கை என நாங்கள் மூவரும் அந்தச் சட்டித் துண்டுகளைச் சேகரிப்பதையே திருநாளின் பெரும்பகுதியாக எண்ணியிருந்தோம்.

எங்கள் பாட்டனார் உயிரோடிருந்தவரை, ஒரு திரியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கிழக்குச் சுவரோரம் செல்வார். அங்கே கல்லறை எதுவும் கிடையாது, வெறும் மணல். அவ்விடத்தில் திரியை நட்டுவிட்டுச் சிறிது நேரம் முழந்தாளிட்டிருப்பார். யாருக்கு என்று கேட்டால், "கல்லறை இல்லாதவனுக்கு" என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது. 1986இல் அவர் இறந்தபின் அந்தத் திரியை எங்கள் தந்தையார் ஏற்றலானார். யாருக்கென்று அவருக்கும் தெரியாது. தந்தை செய்ததை மகன் செய்தார், அவ்வளவே.

பாட்டனாரின் கல்லறைமீது பதித்த கல்லில் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த நாள் ஆகியவற்றுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ வீரர்." அதை எழுதிக் கொடுத்தவர் எங்கள் தந்தையார். அந்த ஒரு வரியின் பின்னால் நாங்கள் ஏழாண்டுகள் அலைந்தோம். அலைந்து கண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் தந்த பட்டம்

இராமநாதபுரம் சீமையில் நேதாஜியின் பெயருக்குள்ள மதிப்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய தோழராக விளங்கிய பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பிறந்த மண் இது. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர் இல்லாத ஊர் இங்கே அரிது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கே வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபின், ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். அது வரலாறு.

எங்கள் பாட்டனார் போர் முடிந்து 1946இல் ஊர் திரும்பினார். எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை ஒரே சொல்: "பர்மா." மீதியை ஊரே நிரப்பிக்கொண்டது. பர்மாவில் போரிட்ட இராமநாதபுரத்துக்காரன் நேதாஜி படையில்தானே இருந்திருப்பான்? எங்கள் தந்தையார் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது, பள்ளியின் சுதந்திர நாள் விழாவில் பாட்டனாரை மேடையேற்றி மாலை போட்டார்கள். அவர் ஒன்றும் பேசாமல் இறங்கி, நேரே கோயிலுக்குச் சென்று, அந்தோணியார் சுரூபத்தின் காலடியில் மாலையை வைத்துவிட்டாராம். என்ன அடக்கம் என்று ஊர் மெச்சியது.

1972இல், நாட்டு விடுதலையின் வெள்ளி விழாவையொட்டி, விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியது. தந்தையார் ஆவலோடு விண்ணப்பத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். வீட்டில் அப்போது கடன் இருந்தது; வலை வாங்கவும் பணமில்லை. ஆயினும் பாட்டனார் கையொப்பமிடவில்லை. "செய்யாத வேலைக்குக் கூலி வாங்கக் கூடாது" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதையும் வீட்டார் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டனர். ஒருமுறை மாலையாலும் ஒருமுறை வாய்ச்சொல்லாலும் அவர் எங்களிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இருமுறையும் நாங்கள் அதைப் புகழாக மாற்றிக் கேட்டிருக்கிறோம்.

புகையிலை டப்பாவில் ஒரு விண்மீன்

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததையும், பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டதையும், பாம்பன் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்ததையும் எங்கள் கரையோர மக்கள் மறக்கமாட்டார்கள். அன்றிரவு எங்கள் வீட்டுக் கூரையும் போயிற்று. பாட்டனார் பிள்ளைகளை முன்னே நடக்கவிட்டு, ஒரு தகரப் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு கோயிலில் ஒதுங்கினார். அவர் இறந்தபின் அந்தப் பெட்டியைத் திறந்தபோது, பத்திரங்களுக்கும் ஜெபமாலைக்கும் அடியில் ஒரு புகையிலை டப்பா இருந்தது. அதனுள்ளே ஆறு முனை கொண்ட மஞ்சள் உலோக விண்மீன் ஒன்றும், நிறம் மங்கிய நாடாவும், மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாள் துண்டும் இருந்தன. விண்மீனின் நடுவட்டத்தில் ஆங்கிலத்தில் "பர்மா ஸ்டார்" என்று பொறித்திருந்தது. "பர்மா" என்ற சொல்லே தந்தையாருக்குப் போதுமான சான்றாயிற்று. கல்லில் அந்த வரி ஏறியது.

2018இல் எங்கள் தங்கை, தன் மகனுக்குக் குடும்ப வரலாற்றை எழுதிவைக்க விரும்பி, அந்த விண்மீனை எடுத்துக்கொண்டு இராமநாதபுரம் சென்றாள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாசலில் அமர்ந்திருந்த வயது முதிர்ந்த சுபேதார் ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார். வெயிலுக்குத் திருப்பி, நகத்தால் அழுக்கை நீக்கினார்.

"இந்தக் கிரீடத்துக்குக் கீழே பின்னிக் கிடக்கிற எழுத்தைப் பார்த்தீங்களா அம்மா? ஆறாம் ஜார்ஜ் மன்னருடைய முத்திரை. நேதாஜி படையில இருந்தவருக்கு இங்கிலாந்து ராஜா எதுக்கு மெடல் கொடுக்கப்போறார்?"

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். 1941 டிசம்பருக்கும் 1945 செப்டம்பருக்கும் இடையில், பர்மாப் போர்முனையில் பிரிட்டிஷ் தரப்பில் பணிபுரிந்தவர்களுக்கு வழங்கப்பட்டது அந்த விண்மீன். அப்போரில் இந்திய இராணுவத்தில் 25 இலட்சம் பேர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமலே சேர்ந்தவர்கள். மாண்டவர்கள் 87,000 பேருக்குமேல். "உங்க தாத்தாவும் அதில் ஒருத்தர். வெட்கப்பட ஒண்ணுமில்லை" என்றார்.

கிழிந்த தாளில் எஞ்சியிருந்த சொல் "பயனீர்". படைப் பதிவு அலுவலகத்துக்கு எழுதினோம். ஓய்வூதியம் பெறாமல் விலகியவரின் பணித்தாள்கள் காலக்கெடு முடிந்தபின் அழிக்கப்பட்டுவிட்டன என்றும், பதிவேட்டில் ஒரு வரி மட்டும் உள்ளது என்றும் விடை வந்தது. எண், பெயர், ஊர், தந்தை பெயர், சேர்ந்தது 1943, விலகியது 1946, இந்தியப் பயனீர் படை. அவ்வளவே. ஒரு கல்லில் ஒரு வரி. ஒரு ஏட்டில் ஒரு வரி. இரண்டும் ஒன்றையொன்று மறுத்தன.

சாக்கு விரித்த சாலை

பயனீர் படை என்பது போரிடும் படையன்று. கல்லுடைப்பது, மண் சுமப்பது, சாலை போடுவது, பாலத்துக்குத் தளவாடம் தூக்குவது, விமானத் தளத்துக்கு நிலம் சமன்செய்வது ஆகியவை அதன் வேலைகள். இதைப் படித்து அறிந்தபோதுதான் பாட்டனாரின் பேச்சொன்று எங்கள் நினைவுக்கு வந்தது. முதுமையில் திண்ணையில் அமர்ந்து, "நாங்க சாக்கை விரிச்சு ரோடு போட்டோம்" என்பார். சாக்கில் எப்படித் தாத்தா ரோடு போட முடியும் என்று நாங்கள் சிரிப்போம். "தார்ல முக்கி விரிக்கணும்டா" என்பார். வயதாகிவிட்டது, எதையோ உளறுகிறார் என்று நினைத்தோம்.

அது உளறலன்று. ஜெனரல் வில்லியம் ஸ்லிம் தலைமையிலான 14ஆம் படை 1944இன் பிற்பகுதியில் மணிப்பூரின் எல்லையைத் தாண்டிப் பர்மாவுக்குள் இறங்கியபோது, மழையில் கரைந்த மண்பாதையில் வண்டிகள் ஓட வழியில்லை. கல்லும் போதவில்லை. அப்போது பொறியாளர்கள் கண்ட வழிதான் அது. சணல் துணியைத் தாரில் தோய்த்து, ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் விரித்தார்கள். நூறு மைலுக்கும் மேலாக அத்தகைய சாலையில் நாளொன்றுக்கு ஆயிரம் வண்டிகள் ஓடின. அந்தச் சாலை சென்று சேர்ந்த காலேவா என்னுமிடத்தில், சிந்துவின் ஆற்றின் குறுக்கே 1944 டிசம்பரில் 1,154 அடி நீளத்தில் பெய்லி மிதவைப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. அவ்வகைப் பாலங்களில் அந்நாளில் உலகிலேயே நீளமானது என்று பெயர் பெற்றது. "காலேவாவுல பெரிய பாலம்னு வெள்ளைக்காரன் கூத்தாடினான், நம்ம பாம்பன் பாலத்துக்கு முன்னால அது வாய்க்கால் பாலம்" என்று பாட்டனார் சொன்னதுண்டு. 1914இல் திறக்கப்பட்டு, கடலின்மேல் இரண்டு கிலோமீட்டர் நீளும் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா? காலேவா என்பது ஏதோ ஒரு பட்டிக்காடு என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். அவர் தம் கதையை எங்களிடம் சொல்லாமல் இருந்ததில்லை. கேட்க வேண்டியவர்கள் வேறொரு கதையைக் காதில் அடைத்துக்கொண்டிருந்தோம்.

கண்டதைத் தந்தையாரிடம் சொன்னோம். எழுபது வயது கடந்தவர். முகம் இறுகிவிட்டது. "என் அப்பா வெள்ளைக்காரனுக்கு மண் சுமந்தார்னு கல்லுல எழுதச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அதன்பின் பல மாதங்கள் எங்களோடு அதைப்பற்றிப் பேசவில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவனாக, மேடையில் மாலையுடன் நின்ற தந்தையைப் பார்த்துப் பூரித்த கண்கள் அவருடையவை. அவரிடமிருந்து எதைப் பறிக்கிறோம் என்று எங்களுக்கே தயக்கமாயிருந்தது. பொய்யான கல்லாயினும் அன்பால் நட்ட கல் அல்லவா?

அத்தை சொன்னது

தங்கச்சிமடத்தில் வாழ்ந்த எங்கள் அத்தை, பாட்டனாரின் மூத்த மகள், அவர் படையில் சேருமுன் பிறந்தவர். தம் தாயிடமிருந்து கேட்டதை எங்களுக்குச் சொன்னார்.

"அவுக சண்டை போடவா போனாக? அண்ணனைத் தேடியில்ல போனாக."

பாட்டனாருக்கு ஐந்தாண்டு மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா போனவர். அவரைப் பற்றி வீட்டில் ஒரு கதை உண்டு. அங்கே பெண் கட்டிக்கொண்டு ஊரையும் தாயையும் மறந்துபோனார் என்பதே அது. எங்கள் தந்தையாரும் அதையே நம்பியிருந்தார். தம் பெரியப்பாவின்மீது அவருக்குக் கசப்பே இருந்தது. அத்தை சொன்னது வேறு. 1941 இறுதிவரை அந்த அண்ணனிடமிருந்து மணியார்டர் வந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கியதோடு பணமும் கடிதமும் நின்றன. 1942 ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறன்று, கொழும்புமீதே குண்டு விழுந்தது. கடலின் இருபுறமும் அச்சம். தாய் உண்ணாமல் கிடந்தார். பட்டாளம் பர்மா வழியாக மலாயாவுக்குப் போகும் என்று ஆள்சேர்க்க வந்தவர் யாரோ சொல்ல, தம்பி பெயர் கொடுத்தார். அண்ணனை அழைத்து வருவதாகத் தாயிடம் சொல்லிப் புறப்பட்டார்.

அவருடைய படைக்கு மலாயா வாய்க்கவில்லை. மூன்றாண்டு கழித்து அவர் தனியே திரும்பி வாசலில் நின்றபோது, தாய் அவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி மூத்தவன் எங்கே என்பதுதான். பின்னர் மலாயாவிலிருந்து வந்த ஒருவர், "தோட்டத்து ஆட்களோடு சயாமுக்குப் போனதாகக் கேள்வி" என்றார். உறுதியான செய்தி இல்லை. இறந்தார் என்று தெரியாதவருக்கு இறந்தோர் திருப்பலியில் பெயர் கொடுக்கவும் பாட்டனாருக்கு மனம் துணியவில்லை. ஒரு திரி மட்டும் ஏற்றினார்.

தொடக்க நூலில் தம்பியைப் பற்றிக் காயீனிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவன் அதைத் தட்டிக்கழித்தான். அண்ணனைப் பற்றித் தம்மிடம் கேட்கப்பட்ட கேள்வியை எங்கள் பாட்டனார் தட்டிக்கழிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள், ஆண்டுக்கொரு மெழுகுதிரியால், தெரியாது என்று விடை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏட்டின் ஓரக்குறிப்பு

இனி எங்கே தேடுவது? படைவீரர் என்றால் பெயர்ப்பட்டியல் உண்டு. ரங்கூனுக்கு அருகே தவுக்கியனிலுள்ள நினைவு மண்டபத்தில் மட்டும், கல்லறை அறியப்படாத வீரர்கள் ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் கல்லில் உள்ளன. கூலிக்குப் போனவருக்கு எந்தக் கல்லில் பெயர் இருக்கும்?

வழி காட்டியது எங்கள் பங்குக் கோயிலின் திருமுழுக்குப் பதிவேடு. திருமணம் நடந்த பங்கு, மணமக்கள் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அதை அறிவிக்க வேண்டும். அங்கே அவர்களுடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் அது குறிக்கப்பட வேண்டும். இது திருச்சபைச் சட்டம். ஒருவர் ஓரிடத்தில் மணமுடித்துவிட்டு வேறிடத்தில் மறைத்து மறுமணம் செய்வதைத் தடுக்க ஏற்பட்ட எளிய ஏற்பாடு. பங்குத்தந்தை இரும்புப் பெட்டியிலிருந்து 1915ஆம் ஆண்டின் ஏட்டை எடுத்து விரித்தார். அக்காலக் குரு இலத்தீனில் எழுதிய பதிவு. பெரிய பாட்டனாரின் பெயர். அதன் ஓரத்தில், வேறு மையில், வேறு கையெழுத்தில், சிறிய குறிப்பு ஒன்று: 1940, மலாயா, பேராக், அங்குள்ள ஒரு பங்கின் பெயர், மணப்பெண்ணின் பெயர். அந்தக் குறிப்பு எண்பது ஆண்டுகள் எங்கள் கோயிலிலேயே, நாங்கள் ஞாயிறுதோறும் முழந்தாளிடும் இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில், காத்துக் கிடந்திருக்கிறது.

பேராக்கிலுள்ள அந்தப் பங்குக்குக் கடிதம் எழுதினோம். பல மாதங்கள் கழித்து மறுமொழி வந்தது. திருமணப் பதிவு இருக்கிறது; 1941இல் அத்தம்பதியரின் மகளுக்குத் திருமுழுக்கு. அந்தப் பதிவின் ஓரத்திலும் ஒரு குறிப்பு: 1963இல் ஈப்போவில் திருமணம். ஈப்போவுக்கு எழுதினோம். ஓரக்குறிப்பிலிருந்து ஓரக்குறிப்பாக, ஒரு குருவின் கையெழுத்திலிருந்து மற்றொரு குருவின் கையெழுத்தாக, கடலைத் தாண்டிச் சென்றோம். 2024இல் ஒரு மாலை எங்கள் வீட்டுத் தொலைபேசி மணி அடித்தது. எண்பத்து மூன்று வயது மூதாட்டியின் குரல்.

தொலைபேசியைத் தந்தையாரிடம் கொடுத்தோம். தம் பெரியப்பா மகளோடு, வாழ்நாளில் முதன்முறையாக அவர் பேசினார்.

"எங்க அப்பாவுக்கு எந்த ஊருன்னு எனக்குத் தெரியாமலே போச்சு தம்பி. கடல்மேல ரயில் பாலம் இருக்கிற ஊருன்னு மட்டும் அம்மா சொல்லும். அந்தப் பாலம் இன்னும் இருக்கா?"

"இருக்குக்கா" என்றார் தந்தையார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை.

இருபுறமிருந்தும் ஒரே நாட்டுக்கு

அவர் தம் தாயிடம் கேட்டறிந்தது இது. 1943இல் ஜப்பானியர் தோட்டத்துக்கு வந்தார்கள். சயாமில் மூன்று மாத வேலை, நல்ல கூலி என்றார்கள். வரமாட்டேன் என்றவர்களையும் லாரியில் ஏற்றினார்கள். அவருக்கு அப்போது இரண்டு வயது. தந்தையின் முகம் நினைவில்லை.

மலேசியத் தமிழர் சயாம் மரண ரயில் என்று குறிப்பிடும் அந்தப் பாதை, சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குத் தரைவழியே தளவாடம் அனுப்புவதே அதன் நோக்கம். வேலை செய்த போர்க்கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் முதலிய ஆசியத் தொழிலாளரில் மாண்டவர்கள் 80,000 முதல் ஓர் இலட்சம்வரை என்று மதிப்பிடுகிறார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களை அள்ளிச் சென்றன. கைதிகளுக்கு மருத்துவர் இருந்தனர். கணக்கெழுத அதிகாரிகள் இருந்தனர். போருக்குப் பின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. தோட்டக் கூலிகளுக்கு அப்படிப் பெயர் எழுதிவைத்தவர் இல்லை. பெரிய பாட்டனார் எந்தக் கிலோமீட்டரில், எந்த நாளில் விழுந்தார் என்பதைச் சொல்லும் ஏடு இல்லை.

நாங்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். கிழக்கே சயாமிலிருந்து பர்மாவுக்குள் அண்ணன் தண்டவாளம் போட்டார், ஜப்பானியருக்காக. வடமேற்கே மணிப்பூரிலிருந்து பர்மாவுக்குள் தம்பி சாக்கு விரித்துச் சாலை போட்டார், ஆங்கிலேயருக்காக. ஒரே வீட்டில், ஒரே பாயில் உறங்கியவர்கள். ஒருவர் போட்ட பாதையில் வந்த படையை எதிர்க்கவே மற்றவர் போட்ட பாதையில் படை சென்றது. இருவருக்கும் அந்தப் போரில் பகைவர் என்று யாரும் இல்லை. ஒருவர் கூலிக்காகக் கடல் கடந்தார். மற்றவர் அவரைத் தேடிப் போனார். பேரரசுகள் இரண்டும் அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தன.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களின் தியாகத்தை நாங்கள் சிறிதும் குறைத்து எண்ணவில்லை. இம்பால் மலைகளில் அவர்கள் பட்ட பாட்டுக்குரிய புகழ் அவர்களுடையது. ஆனால், அந்தப் புகழில் ஒரு துளியைக்கூட எடுத்து எங்கள் வீட்டுக் கல்லில் பதிக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதை முதலில் அறிந்தவர் பாட்டனார். அதனால்தான் 1972இல் அவர் கையொப்பமிடவில்லை.

புதிய கல்

மக்கபேயர் இரண்டாம் நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. இறந்தோருக்காக நாம் செய்யும் மன்றாட்டுக்கு ஆதாரமாக மறைக்கல்வி வகுப்பில் அனைவரும் கேட்டதுதான். போரில் மாண்ட தம் வீரர்களை அடக்கம் செய்யச் சென்ற யூதா மக்கபே, அவர்கள் ஆடைக்குள் வேற்றுத் தெய்வங்களின் சின்னங்களைக் காண்கிறார். அதை அவர் மறைக்கவுமில்லை. அதனால் அவர்களை வெறுத்து ஒதுக்கவுமில்லை. அவர்களுக்காக மன்றாடி, 2,000 வெள்ளிக்காசு திரட்டி, பாவம் போக்கும் பலிக்கென எருசலேமுக்கு அனுப்புகிறார். இறந்தோரை அவர்கள் இருந்தபடியே இறைவன் முன் நிறுத்தி மன்றாடினார் அவர். நாமோ பல வேளைகளில், அவர்கள் எப்படி இருந்திருக்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ அப்படிச் செதுக்கி நிறுத்துகிறோம். பாட்டனாரை இல்லாத வீரராக்கினோம். பெரிய பாட்டனாரை இல்லாத நன்றிகெட்டவராக்கினோம். புகழ்ச்சியும் பழியும் வெவ்வேறு போலத் தோன்றினும், விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு என்னும் வகையில் இரண்டும் ஒன்றே.

கல்லை மாற்ற வேண்டும் என்று நாங்கள் மீண்டும் தந்தையாரிடம் சொல்லவில்லை. ஈப்போவிலிருந்து அவருடைய அக்காள் அடுத்தமுறை பேசும்போது ஒன்று கேட்டாராம்: "எங்க அப்பா பேரை அங்க எங்கேயாவது எழுத முடியுமா தம்பி?" மறுநாள் காலை தந்தையார் தாமே கல் தச்சரைத் தேடிப் புறப்பட்டார். எழுத வேண்டிய வாசகத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து எங்களிடம் காட்டினார். பாட்டனாரின் பெயருக்குக் கீழே, "1943 – 1946 பர்மாவில் சாலை அமைத்தார். அண்ணனைத் தேடிச் சென்றார்." அதற்கும் கீழே பெரிய பாட்டனாரின் பெயர், பிறந்த ஆண்டு, "சயாம் ரயில் பாதையில் 1943இல் மறைந்தார்." தாளை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "மண் சுமந்ததை எழுதலாம், அதில் ஒண்ணும் குறைச்சல் இல்லை" என்றார்.

பழைய கல்லை அவர் உடைக்க விடவில்லை. வீட்டின் பின்புறம், முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருக்கிறார். அதுவும் அவருடைய அன்புதானே.

2025ஆம் ஆண்டு கல்லறைத் திருநாளன்று, மாலைத் திருப்பலியில் பெரிய பாட்டனாரின் பெயர் முதன்முறையாக வாசிக்கப்பட்டது. வாடைக்காற்று வழக்கம்போல் வீசியது. தந்தையார் ஒரு திரியை எடுத்துக்கொண்டு, பழக்கத்தால், கிழக்குச் சுவரை நோக்கி நான்கடி நடந்தார். பிறகு நின்று, திரும்பி வந்து, புதிய கல்லின் முன் மண்சட்டித் துண்டை நட்டு, அதற்குள் திரியை ஏற்றினார். பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த சிறுவன் ஒருவன் அவரருகில் குந்தியமர்ந்து, "தாத்தா, இது யாருக்கு?" என்று கேட்டான்.

தந்தையார் பெயரைச் சொன்னார்.